வெளுத்த பவளமும் உரிந்த பவளமும்

கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவர் "என் பவளம் வெள்ளையாகிவிட்டது" என்று சொன்னால் போதும், வைத்தியங்கள் வரிசை கட்டி வரும். அயோடின் கரைசலில் முக்கி எடு. விளக்கைக் குறை. இடத்தை மாற்று. பாதித் தண்ணீரை இறைத்துவிட்டுப் புதிதாக ஊற்று. அமினோ அமிலச் சொட்டு விடு. ஆன்டிபயாட்டிக் போடு. நோயுற்ற கிளையை வெட்டு. எதையும் தொடாதே, தானாகத் தேறும். சொல்பவர் ஒவ்வொருவரும் தாம் கண்டதைத்தான் சொல்கிறார், பொய் இல்லை. ஆனால் ஒருவர் தொட்டியில் தேறிய பவளமும் இன்னொருவர் தொட்டியில் தேறிய பவளமும் ஒரே நோயில் விழுந்தவை அல்ல. இந்த வைத்தியங்களில் எதற்கு மெய்யான பலம் உண்டு, எது பழக்கத்தின் தயவில் மட்டும் நிலைத்திருக்கிறது என்று பிரித்துப் பார்த்தே ஆகவேண்டும். பல ஆண்டுகள் வளர்ந்த ஓர் உயிர், சில வேளை கடலிலிருந்தே பெயர்த்து எடுக்கப்பட்ட உயிர், தவறான மருந்துக்குப் பலியாகிறது.

தமிழ்நாட்டு வாசகருக்கு ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இந்தியாவில் கல் பவளங்கள் அனைத்தும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் இருக்கின்றன. புலிக்கும் யானைக்கும் உள்ள அதே பட்டியல். மன்னார் வளைகுடாவிலிருந்து ஒரு துண்டை எடுத்து வந்து வீட்டில் வளர்ப்பது குற்றம், அது சரியான சட்டமும்கூட. ஆகவே இங்கே பேசப்படுவது சிங்கப்பூர், பிரிட்டன், அமெரிக்கா போன்ற, உரிய ஆவணங்களோடு பவளம் வளர்க்க இடமுள்ள நாடுகளின் தொட்டிகள். அங்கும் உலக வணிகத்தில் கல் பவளங்கள் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலுக்குக் கட்டுப்பட்டவை. அந்த நாடுகளில் தொட்டி வைத்திருக்கும் தமிழர்களும் உண்டு.

இனி அந்த வெள்ளை நிறம். பவளம் என்பது சுண்ணாம்புக் கூட்டின் மேல் மெல்லிய படலமாகப் பரவியிருக்கும் சதை. அந்தச் சதைக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன; அவை ஒளியைக் கொண்டு சமைக்கும் சர்க்கரையில்தான் பவளத்தின் உணவுத் தேவையில் பெரும்பகுதி தீர்கிறது. நாம் பார்க்கும் பழுப்பும் பச்சையும் கலந்த அடிநிறம் அந்தப் பாசிகளுடையது. வெப்பமோ ஒளியோ மிகுந்தால் பாசிகள் வெளியேறும். அப்போது நிறமற்ற சதையின் வழியே கூட்டின் வெண்மை தெரியும். இது வெளுத்தல். உயிர் இருக்கிறது, பசித்திருக்கிறது. மற்றொன்றில் சதையே கூட்டை விட்டுக் கழன்று போகிறது. இது உரிதல். அந்த இடத்தில் உயிர் போய்விட்டது. உரிந்த எல்லைக்கு அப்பால் மட்டும் சதை மிச்சம் இருக்கிறது.

தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே வெள்ளை. கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும், பம்பை நிறுத்திவிட்டு, ஒரு பூதக்கண்ணாடியோடு. வெளுத்த பவளத்தில் கூட்டின் மேல் ஈரப் பளபளப்பான தோல் தெரியும். விளக்கு அணைந்து ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் உணர்கொம்புகள் நீண்டிருக்கும். உரிந்த இடத்தில் கூட்டின் விளிம்புகள் கூர்மையாக, வறட்டு வெள்ளையாகத் தெரியும். சில நாளில் அதன் மேல் பச்சைப் பாசி படரும். உயிருள்ள சதையின் மேல் பாசி படராது. இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் கொடுக்கப்படும் எந்த வைத்தியத்தையும் நான் மதிப்பதற்கில்லை. மேலே சொன்ன வைத்தியங்களில் பாதி, ஒரு நோய்க்கு நல்லது, மற்றதற்குக் கொடியது.

வைத்தியங்களை எடைபோடுவதில் இன்னொரு சிக்கலும் உண்டு. பதறிய மனிதர் ஒரே நாளில் ஐந்து காரியம் செய்கிறார். பவளம் பிழைத்தால் கடைசியாகச் செய்ததற்குப் புகழ் போகிறது. செத்தால் நோயின் மேல் பழி போகிறது. இப்படிச் சேர்ந்த அனுபவம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் சான்றாகாது. எந்த வழியில் வேலை செய்கிறது என்று விளக்க முடிகிறதா, வைத்தியம் செய்யாத பவளத்தோடு வைத்து யாராவது ஒப்பிட்டார்களா, தவறாகப் போனால் எவ்வளவு இழப்பு என்ற கேள்விகளோடுதான் ஒவ்வொன்றையும் அணுக வேண்டும்.

வெளுத்தலை முதலில் எடுத்துக்கொள்கிறேன், அங்கேதான் பழைய நம்பிக்கை ஒன்று வலுவாக உடைந்திருக்கிறது. நெடுங்காலம் தொட்டிக்காரர்களின் இலட்சியம் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் கண்ணுக்கே தெரியாத தண்ணீர். பவளப் பாறை செழிப்பது சத்து குறைந்த தெளிந்த கடலில், ஆகவே தொட்டியும் அப்படியே இருக்க வேண்டும் என்ற வாதம் கேட்பதற்கு நியாயமாகவே இருக்கும். இரும்பு ஆக்சைடு துகள்களை நிரப்பிப் பாஸ்பேட்டை முழுக்க உறிஞ்சினார்கள். வோட்காவைச் சொட்டுச் சொட்டாக விட்டுப் பாக்டீரியாவைப் பெருக்கி நைட்ரேட்டை விழுங்கவைத்தார்கள். பவளம் வெளிறியபோது தண்ணீர் இன்னும் போதிய அளவு சுத்தமாகவில்லை என்று முடிவு கட்டி, மேலும் உறிஞ்சினார்கள்.

பிரிட்டனின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் யோர்க் வீடன்மானின் குழு 2013இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தலைகீழாக்கியது. நைட்ரேட் மிகுந்தும் பாஸ்பேட் வற்றியும் இருந்த நீரில் வளர்ந்த பவளங்கள்தான் வெப்பத்துக்கும் ஒளிக்கும் எளிதில் வெளுத்தன. காரணமும் விளக்கப்பட்டது: நைட்ரேட் கிடைப்பதால் பாசி பெருக முயல்கிறது, பாஸ்பரஸ் கிடைக்காததால் தன் சவ்வைச் சரியான கொழுப்பைக் கொண்டு கட்ட முடியாமல் வேறொன்றைப் போட்டு நிரப்புகிறது, அந்தச் சவ்வு ஒளிக்குத் தாங்காது. அதே ஆய்வுக்கூடம் 2017இல் பாஸ்பேட் பஞ்சமே வெளுத்தலுக்கு வழி என்பதை மேலும் உறுதி செய்தது. இந்த ஆய்வுகள் நடந்ததே தொட்டிகளில்தான் என்பதால், கடலுக்குப் பொருந்துவது வீட்டுக்குப் பொருந்துமா என்ற வழக்கமான தயக்கத்துக்கு இங்கே இடமில்லை. பாஸ்பேட்டைப் பூஜ்யத்துக்கு இறக்குவது வெளுத்த பவளத்துக்குச் செய்யும் தீங்கு. லிட்டருக்கு 0.03 முதல் 0.1 மில்லிகிராம் பாஸ்பேட், கூடவே சில மில்லிகிராம் நைட்ரேட் என்று வைத்துக்கொள்வதே இன்று தேர்ந்த வளர்ப்போர் பலரின் வழக்கம். அதற்கு அறிவியலின் துணையும் இருக்கிறது.

விளக்கைக் குறைப்பது இரண்டாவது, அதில் வாதத்துக்கே இடமில்லை. எஞ்சிய பாசிகள் அடிபட்ட நிலையில் பெறும் மிகை ஒளி, சதையை எரிக்கும் ஆக்சிஜன் சேர்மங்களாக மாறுகிறது. பவளத்தைப் பெயர்த்து இடம் மாற்றுவதைவிட விளக்கையே குறைப்பது மேல். பெயர்க்கும்போது சதை கிழியும், நீரோட்டமும் மாறிப்போகும்.

உணவூட்டல் கொஞ்சம் நுட்பமானது. ஹவாயில் ஆந்த்ரேயா குரோட்டோலியும் உடன் ஆய்வாளர்களும் 2006இல் காட்டியது இது: வெளுத்த மோன்டிபோரா காப்பிடாட்டா பவளம் மிதவை உயிர்களை வழக்கத்தைவிடப் பல மடங்கு பிடித்துத் தின்று தன் முழு ஆற்றல் தேவையையும் நிறைவு செய்துகொண்டது. பக்கத்திலேயே வெளுத்த போரைட்டஸ் இனங்கள் அப்படிச் செய்யவில்லை; தம் சேமிப்பைக் கரைத்தே காலம் தள்ளின. ஆகவே 'பவளத்துக்கு ஊட்டு' என்ற பொது அறிவுரை பாதி உண்மை. டார்ச், ஹேமர், மூளைப் பவளம் போன்ற பெரிய வாயுள்ளவற்றுக்கு, நீரோட்டத்தை நிறுத்தி, ஆர்ட்டீமியாக் குஞ்சையோ நறுக்கிய மைசிஸ் இறாலையோ சிறு அளவில் இரவில் வைத்தால் பயன் உண்டு. வாய் திறக்காத பவளத்தின் மேல் கொட்டப்படும் தீனி அழுகிப்போய் இன்னொரு நோயை அழைத்து வரும். குப்பிகளில் விற்கும் அமினோ அமிலங்கள் பற்றிச் சொல்லப்படும் அளவுக்கு அவற்றின் பின்னால் ஒப்பீட்டுச் சான்று நிற்கவில்லை.

உரிதலுக்கு வரும்போது நிலவரம் கடுமையாகிறது. வெளுத்த பவளம் வாரக்கணக்கில் நேரம் தரும். ஆக்ரோபோரா என்ற கிளைப் பவளத்தில் சதை வேகமாக உரியத் தொடங்கினால் ஒரே இரவில் பவளம் முழுவதும் போய்விடலாம். அடியிலிருந்து மெல்ல மெல்ல ஏறும் உரிதலும் உண்டு. அதுதான் வீட்டுத் தொட்டிகளில் அதிகம்.

இதற்குத் தண்ணீரைத் திருத்துவதுதான் மருந்து என்பவர்கள் பாதி சரி. தொட்டியில் பவளத்தைக் கொல்லும் மாற்றங்களில் முதலிடம், அமிலத்தைத் தாங்கும் நீரின் திறனான ஆல்கலினிட்டிக்கு. இயற்கைக் கடல்நீரில் அது ஏறக்குறைய 7 டி.கே.எச். பாகை; தொட்டியில் 7 முதல் 9 வரை எங்கே வைத்தாலும் பவளம் பழகிக்கொள்ளும், ஆனால் அங்கேயே நிற்க வேண்டும். பலரும் தடுக்கி விழுவது திருத்தும் வேகத்தில். 100 லிட்டர் நீரில் ஒரு பாகை ஏற்ற ஏறத்தாழ 3 கிராம் சமையல் சோடாவே போதும். 6 இருப்பதைக் கண்டு பதறி, கைப்பிடி அளவு போட்டு ஒரே மாலையில் 10க்குக் கொண்டுபோகிறவர், குறைபாட்டால் மெல்ல வாடிய பவளத்தை அதிர்ச்சியால் உடனே கொல்கிறார். நாளுக்கு அரைப் பாகை, மிஞ்சினால் ஒரு பாகை. பெரும் அளவு நீர் மாற்றமும் இதே காரணத்தால் ஆபத்து, ஏதோ நஞ்சு கலந்துவிட்டது என்று உறுதியானாலொழிய. செம்புத் துகளோ துப்புரவுத் திரவமோ விழுந்திருந்தால் அப்போது தயங்கக் கூடாது. பாதி நீரை மாற்றி, நஞ்சை உறிஞ்சும் கரியும் போட வேண்டும்.

வெப்பநிலையை இறக்குவது இதைவிடக் குறைவாகப் பேசப்படுகிறது, அதிகம் பேசப்பட வேண்டும். இந்தியப் பெருங்கடலிலிருந்து எடுத்த பொசிலோபோரா என்ற பவளத்தில் கண்டறிந்து 2003இல் பெயரிடப்பட்ட விப்ரியோ கோரலிலிட்டிகஸ் என்ற பாக்டீரியா, 27 பாகை செல்சியஸுக்கு மேல் சதையைக் கரைத்தது. 22 பாகையில் அடங்கிக் கிடந்தது. எல்லா உரிதலுக்கும் இந்தக் கிருமிதான் காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் 28இல் நிற்கும் தொட்டியை இரண்டு மூன்று நாளில் 25க்கு இறக்குவதால் இழப்பு ஏதுமில்லை. பல கிருமிகளின் கை தளரும், நீரில் ஆக்சிஜனும் கூடும்.

முக்கி எடுக்கும் கரைசல்கள் பற்றி எனக்கு இருமனம் இல்லை. பூச்சிக்கு நல்லவை, உரிதலுக்குப் பெரும்பாலும் வீண். ஆக்ரோபோராவைத் தின்னும் தட்டைப்புழு இதற்கு நல்ல சான்று. 2011இல் அதற்கு அறிவியல் பெயர் வைத்தது தொட்டிப் பவளத்தில் கிடைத்த புழுவைக் கொண்டுதான். ஆஸ்திரேலியாவின் லிசர்ட் தீவுக் கடலில் அதைக் கண்டது பிறகு. பவளத்தின் நிறத்திலேயே ஒட்டிக் கிடப்பதால் கண்ணில் படாது. கரைசலில் முக்கி ஊசிக்குழலால் நீர் பீய்ச்சினால் உதிரும். முட்டைகளோ எந்தக் கரைசலுக்கும் அசையா. கூட்டின் செத்த அடிப்பகுதியில் பழுப்புத் திட்டுகளாக இருக்கும் அவற்றைச் சுரண்டி எடுத்து, வாரம் ஒருமுறையாகப் பல வாரம் திரும்பத் திரும்ப முக்கினால்தான் வேலை முடியும். ஒரே ஒரு முக்கலோடு நிம்மதியடைகிறவர் அடுத்த தலைமுறைப் புழுவை வளர்க்கிறார். பூச்சியே இல்லாத, உரிந்துகொண்டிருக்கும் பவளத்தை அயோடினில் போடுவது, எல்லையில் போராடிக்கொண்டிருக்கும் சதைக்கு இன்னொரு அடி. டார்ச், ஹேமர் வகைகளில் பழுப்புக் கூழாய்ப் பரவும் நோய் மட்டும் விதிவிலக்கு: பவளத்தை வேறு பாத்திரத்தில் வைத்து, கூழைக் குழாயால் உறிஞ்சிவிட்டு, அயோடினில் அலசி, நோயுற்ற தலையை அறுத்து எறிய வேண்டும். தொட்டிக்குள்ளேயே அந்தக் கூழை ஊதிக் கலைக்கக் கூடாது.

ஆன்டிபயாட்டிக்கை எதிர்த்துப் பேசுவது எளிதல்ல. பவள நோய் வைத்தியங்களில் கடலிலேயே, வைத்தியம் பெறாத பவளங்களோடு ஒப்பிட்டுச் சோதித்து, தெளிவாக வென்ற ஒன்று அது. 2014இல் மயாமியை ஒட்டிய வர்ஜினியா கீ பக்கம் தோன்றி ஃபுளோரிடா முழுதும், பிறகு கரீபியன் வரை பரவிய கல் பவளச் சதையிழப்பு நோய் இருபதுக்கும் மேற்பட்ட இனங்களைத் தாக்கியது. தூண் பவளத்தை ஃபுளோரிடாக் கடலிலிருந்து ஏறக்குறைய துடைத்தே எடுத்துவிட்டது. கேரன் நீலி தலைமையிலான முக்குளிப்பாளர்கள் அமோக்சிசிலினை மெல்லக் கசியும் பசையில் குழைத்து நோயின் எல்லைக்கோட்டில் பூசினார்கள். பெரும்பாலான புண்கள் அங்கேயே நின்றன. 2020இல் வெளியான அந்த முடிவைப் படித்துவிட்டு, வீட்டுத் தொட்டியில் மாத்திரையைக் கரைத்தால் என்ன என்று கேட்பது இயல்புதான்.

என் பதில்: கூடாது. ஃபுளோரிடாவில் வென்றது புண்ணில் பூசிய பசை, கால்நடை மருத்துவ அறிவோடும் அரசு அனுமதியோடும். வெல்லப்பட்டதும் ஒரு குறிப்பிட்ட நோய். அது ஆக்ரோபோராவைத் தாக்குவதே இல்லை, தொட்டிக்காரர்கள் உரிதலில் அதிகம் இழப்பதோ ஆக்ரோபோராவை. அங்கும் பூசிய புண் ஆறினாலும் அதே பவளத்தில் வேறிடத்தில் புதுப் புண் கிளம்பியதால் திரும்பத் திரும்பப் போய்ப் பூச வேண்டியிருந்தது. ஸ்மித்சோனியன் ஆய்வாளர்கள் நோயை எதிர்க்கும் பவளத்திலிருந்து நன்மை செய்யும் பாக்டீரியாவைப் பிரித்தெடுத்து 2023இல் மாற்று வழி தேடியதற்குக் காரணமே, ஆன்டிபயாட்டிக்கை எதிர்க்கும் கிருமிகள் உருவாகுமே என்ற அச்சம். கடல் நிபுணர்களுக்கே இந்த அச்சம் இருக்கும்போது, சிப்ரோஃப்ளாக்ஸசின் கலந்த நீரைச் சமையலறைத் தொட்டியில் கொட்டும் உரிமை நமக்கு ஏது? அந்த மருந்து நாளை ஒரு குழந்தையின் சிறுநீர்த் தொற்றுக்குத் தேவைப்படும். கால்நடை மருத்துவர் பார்த்து, தனிப் பாத்திரத்தில், அளவும் நாளும் குறித்து, பயன்படுத்திய நீரை அழிக்கும் வழியும் சொன்னால் அது வேறு. மற்றபடி இதை வைத்தியப் பெட்டியிலிருந்தே எடுத்துவிட வேண்டும்.

மிஞ்சுவது கத்தி. உரியும் ஆக்ரோபோராவுக்கு வெட்டுவதே முதல் வைத்தியம், கடைசி வைத்தியம் அல்ல என்பது என் தீர்ப்பு. பவளம் ஓர் உடல் அல்ல, ஆயிரம் வாய்களின் கூட்டம். ஒரு விரல் கிளை பிழைத்தாலும் அதே உயிர் பிழைக்கிறது. பெர்லினில் டீட்ரிச் ஸ்டூபர் வளர்த்த ஆக்ரோபோராவின் துண்டுகள் கைமாறிக் கைமாறிப் பல நாட்டுத் தொட்டிகளில் வாழ்வது இதனால்தான். ஃபுளோரிடாவின் மோட் கடல் ஆய்வகத்தில் டேவிட் வான், தொட்டி அடியில் தற்செயலாக ஒட்டிப்போன சில வாய்கள் சில வாரங்களிலேயே பெருகியிருப்பதைக் கண்டார். மிகச் சிறிய துண்டுகள் பெரிய கூட்டத்தைவிடப் பல மடங்கு வேகமாகச் சதை பரப்பும் என்ற அந்த அறிவு இன்று பாறைகளை மீட்கும் பணிகளில் பயன்படுகிறது. தூத்துக்குடியில் சுகந்தி தேவதாசன் கடல் ஆய்வு நிறுவனம் 2002 முதல் மன்னார் வளைகுடாவில் கிளைத் துண்டுகளைக் கட்டமைப்புகளில் கட்டி வளர்த்து வருவதும் இதே உயிரியலை நம்பித்தான்.

ஆனால் எப்படி வெட்டுகிறோம் என்பதில் எல்லாம் இருக்கிறது. வெள்ளைக்கும் நிறத்துக்கும் நடுவே உள்ள கோட்டில் வெட்டுவது பயனற்றது. கண்ணுக்கு நலமாகத் தெரியும் பகுதிக்குள் ஒரு சென்டிமீட்டராவது தள்ளி வெட்ட வேண்டும். வெட்டும் கருவியை ஒவ்வொரு முறையும் கழுவ வேண்டும். துண்டுகளைத் தொட்டி நீரிலேயே அலசி, கெட்டியான சயனோஅக்ரிலேட் பசையால் கல்லில் ஒட்டி, நல்ல நீரோட்டமும் மிதமான ஒளியும் உள்ள இடத்தில் வைக்கலாம். முடிந்தால் ஒன்றிரண்டை நண்பர் தொட்டிக்கு அனுப்பிவிடுவது இன்னும் நல்லது. வெட்ட மனம் வராமல் எல்லைக்கோட்டின் மேல் பசையை அப்பி நிறுத்தப் பார்ப்பவர்கள் உண்டு. ஃபுளோரிடாவில் குளோரின் கலந்த எபாக்சியால் அப்படித் தடுப்புக் கட்டிப் பார்த்ததில் பெரிதாகப் பயன் கிடைக்கவில்லை. அந்த அனுபவத்துக்குப் பிறகும் வீட்டில் அதை நம்புவதற்குக் காரணம் ஏதும் எனக்குத் தெரியவில்லை.

வெளுத்த பவளத்தை மட்டும் வெட்டக் கூடாது. புண்ணை மூடச் சக்தி வேண்டும், அதனிடம் இல்லாதது அதுதான். நிறம் திரும்ப வாரங்கள் ஆகும், சில வேளை மாதங்கள். அந்தக் காலம் முழுதும் ஆல்கலினிட்டியும் உப்பளவும் வெப்பமும் அசையாமல் நிற்பதைத் தவிர அதற்கு வேறு பெரிய உதவி கிடையாது.

எப்போது கைவிடுவது? பலரும் இதை அவசரமாகத் தீர்மானிக்கிறார்கள். வெள்ளைக் கூடு தெரிந்ததும் எடுத்து வெளியே வைத்துவிடுகிறார்கள். மத்தியதரைக் கடலின் கொலும்பிரெத்தஸ் தீவுகளில் கிளாடோகோரா என்ற கல் பவளத்தை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்த தியேகோ கெர்ஸ்டிங்கும் கிறிஸ்டினா லினாரெசும் 2019இல் எழுதியது இங்கே கருதத் தக்கது. வெப்பத்தில் செத்துவிட்டதாகக் கணக்கிடப்பட்ட கூட்டங்கள் பலவற்றில், வாய்கள் சுருங்கித் தம் கிண்ணத்துக்குள்ளேயே ஒடுங்கியிருந்து, பின்னாளில் பழைய கூட்டின் மேல் மறுபடி வளர்ந்து வந்தன. வெறுங்கண்ணுக்கு அவை வெற்றுக் கூடுகளாகத்தான் தெரிந்தன. பழுப்புக் கூழோ புழுவின் முட்டையோ இல்லாத கூடாக இருந்தால், அதை ஒளி குறைந்த, நீரோட்டமுள்ள ஒரு மூலையில் குறைந்தது ஆறு மாதம் விட்டுவைக்கலாம். இடம் அடைப்பதைத் தவிர வேறு நட்டம் இல்லை.